ஆட இடம் தேடிய ஹேலி விக்கன்ஹைசர்

2014 பிப்ரவரி 20 அன்று, சோச்சி ஒலிம்பிக்கின் மகளிர் ஐஸ் ஹாக்கி இறுதிப் போட்டி நம் நேரப்படி இரவு பத்தரை மணிக்குத் தொடங்கியது. ஆட்டம் முடிய மூன்றரை நிமிடங்கள்கூட இல்லாத நேரத்தில் கனடா, அமெரிக்காவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்ததால், மடிக்கணினியை மூடிவிட்டுப் படுக்கலாம் என்று நினைத்தேன். அப்போது கனடாவுக்கு ஒரு கோல் விழுந்தது. தாக்குதலில் ஓர் ஆளைக் கூட்டுவதற்காகக் கனடா தன் கோல்கீப்பரை வெளியே அழைத்துக்கொண்டது. அமெரிக்காவின் கெல்லி ஸ்டாக் தொலைவிலிருந்து தள்ளிவிட்ட பக் (பந்துக்குப் பதிலாக இந்த ஆட்டத்தில் பயன்படும் ரப்பர் வட்டு) ஆளில்லாத கோலை நோக்கி நிதானமாக வழுக்கிக்கொண்டே போய், கம்பத்தில் பட்டு விலகியது. ஒரு நிமிடத்திற்கும் குறைவாக இருந்தபோது மரி-ஃபிலிப் பூலான் அடித்த கோலால் ஆட்டம் சமனானது.

கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தவரும் பூலான்தான் என்பதால், அந்த இரவு அவர் பெயரிலேயே நினைவுகூரப்படுகிறது. எனக்கு நினைவில் நிற்பது அதற்குச் சற்று முன் நடந்தது. பக்கைப் பெற்றுக்கொண்டு, எதிரே கோல்கீப்பரைத் தவிர யாருமில்லாத நிலையில் தனியாகப் பாய்ந்த கனடாவின் முப்பத்தைந்து வயது ஹேலி விக்கன்ஹைசரை அமெரிக்காவின் ஹிலரி நைட் பின்னாலிருந்து துரத்திவர, இருவரும் சரிந்து விழுந்தார்கள். நைட் தண்டனையாக வெளியே அமர்த்தப்பட்டார்; ஆள் குறைந்த அமெரிக்காவுக்கு எதிராகத்தான் பூலானின் அந்தக் கோல் விழுந்தது. விக்கன்ஹைசருக்கு அது நான்காவது ஒலிம்பிக் தங்கம்.

ஹாக்கி என்றால் புல்தரையை நினைக்கும் ஊரில் வளர்ந்த எனக்கு, அந்த இரவுக்குப் பிறகுதான் அவரைப் பற்றித் தேடிப் படிக்கத் தோன்றியது. படிக்கப் படிக்க, பதக்கங்களைவிட, ஆடுவதற்கு ஓர் இடம் தேடி அவர் அலைந்த கதையே என்னை ஈர்த்தது.

1978இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஷானவன் என்ற சிற்றூரில் பிறந்தவர் அவர். வீட்டின் பின்புறம் தந்தை நீர் பாய்ச்சி உறையவைத்த தளத்தில் சறுக்கக் கற்றார். வளரும் பருவத்தில் பெரும்பாலும் சிறுவர்களின் அணிகளிலேயே ஆடினார். 1994இல், பதினைந்து வயதில், கனடா அணியில் சேர்க்கப்பட்டார். மகளிர் ஐஸ் ஹாக்கி ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்ற 1998 நாகனோ போட்டியில் கனடா அமெரிக்காவிடம் தோற்று வெள்ளியோடு திரும்பியது. 2000இல் சிட்னியில் கனடாவின் சாஃப்ட்பால் அணியிலும் ஆடினார் என்பது பலர் மறந்துவிட்ட செய்தி.

நான்காண்டுகளுக்கு ஒருமுறை ஒலிம்பிக், இடையே உலகக் கோப்பை என்று இருந்தாலும், நாள்தோறும் ஆடிச் சம்பளம் வாங்கும்படியான மகளிர் தொழில்முறை லீக் எதுவும் அப்போது இல்லை. உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் தன் திறமையைக் கூர்மையாக வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஆண்களோடுதான் ஆட வேண்டும் என்ற நிலை. முதலில் இத்தாலியின் மெரானோ அணிக்குச் செல்ல முயன்றார். ஆண்கள் அணியில் பெண்கள் ஆடக்கூடாது என்று அந்நாட்டுச் சம்மேளனம் கதவை அடைத்தது. பின்லாந்து சம்மேளனம் சம்மதித்ததால், 2003 ஜனவரியில் ஹெல்சிங்கிக்கு மேற்கே உள்ள கிர்க்கோநும்மியின் சலமட் அணியில் சேர்ந்தார்.

மகளிர் ஆட்டத்தில் எதிராளியை உடலால் மோதித் தள்ளுவது அப்போது விதிமீறல். ஆண்கள் ஆட்டத்திலோ அது அன்றாடம். பக் மட்டையில் இருக்கும் ஒவ்வொரு கணமும், தன்னைவிடப் பத்துப் பதினைந்து கிலோ கூடுதல் எடையுள்ள ஒருவன் பக்கவாட்டில் வந்து, தளத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரோடு நசுக்கக்கூடும் என்று கணக்கிட்டே ஆட வேண்டும். 5 அடி 10 அங்குல உயரமும் அதற்கேற்ற வலுவும் உள்ள விக்கன்ஹைசர், பக்கை வைத்துக்கொண்டு ஓடுவதைக் குறைத்து, மோதல் வந்து சேர்வதற்குள் அதைத் தோழருக்குக் கடத்திவிடும் ஆட்டத்துக்கு மாறினார். அந்தப் பருவத்தில் 23 ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் 2 மட்டுமே, கோலுக்கு வழிசெய்த கடத்தல்களோ 10 என்ற கணக்கை அப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். பிப்ரவரியில் அடித்த முதல் கோலால், ஆண்களின் தொழில்முறை லீக்கில் கோல் போட்ட முதல் பெண்ணானார். விளம்பர உத்தி என்று எழுதியவர்கள் இருந்தார்கள். விளம்பரத்துக்கு வந்தவர் மோதல்களைத் தாங்கிக்கொண்டு பருவம் முடியும்வரை ஆடியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம். அடுத்த பருவத்தில், மேல் பிரிவுக்கு உயர்ந்துவிட்ட அதே அணிக்குத் திரும்பி, பாதியிலேயே விலகினார். 2008இல் சுவீடனுக்குப் போய் எஸ்கில்ஸ்டுனாவின் ஆண்கள் அணியில் மீண்டும் முயன்றார்.

அவரை அப்பழுக்கற்றவராகக் காட்ட நான் விரும்பவில்லை. 2002 சால்ட் லேக் சிட்டியில், ஒலிம்பிக்குக்கு முன் எட்டு ஆட்டங்களில் தொடர்ந்து தங்களைத் தோற்கடித்திருந்த அமெரிக்காவை இறுதிப் போட்டியில் வென்ற சூட்டில், எதிரணியினர் தங்கள் அறையில் கனடாவின் கொடியைத் தரையில் போட்டு மிதித்தார்கள் என்று கேள்விப்பட்டதைத் தொலைக்காட்சியிலேயே சொல்லிவிட்டார். அமெரிக்கர்கள் மறுத்தார்கள். வெறும் வதந்தியை வைத்துப் பேசிய பேச்சு அது.

2010 வான்கூவரில் கனடா ஸ்லோவாக்கியாவை 18-0 என்று நசுக்கியபோது, இரண்டே நாடுகள் மாறி மாறி வெல்லும் விளையாட்டுக்கு ஒலிம்பிக்கில் என்ன வேலை என்ற கேள்வி பலமாக எழுந்தது. ஒலிம்பிக் குழுவின் அப்போதைய தலைவர் ஜாக் ரோக்கும் நிலைமை மாற வேண்டும் என்று எச்சரித்தார். பிற நாட்டுப் பெண்களுக்கு ஆட வாய்ப்பு வேண்டும் என்பதை விக்கன்ஹைசர் செயலிலும் காட்டினார். தன் பெயரில் கால்கரியில் அவர் நடத்திவந்த சிறுமியர் ஹாக்கி விழாவுக்கு 2018இல் இந்திய மகளிர் அணி சென்றது. பெரும்பாலும் லடாக்கைச் சேர்ந்த அந்தப் பெண்கள், குளிர்காலத்தில் தானாக உறையும் குளங்களில் ஆடப் பழகியவர்கள். அதே ஆண்டின் தொடக்கத்தில் விக்கன்ஹைசர் லே வரை வந்து அவர்களோடு ஆடிவிட்டும் போயிருந்தார்.

2017 ஜனவரியில் ஓய்வு பெற்றபோது, கனடாவுக்காக 276 ஆட்டங்களில் 168 கோல்கள் அவர் கணக்கில் இருந்தன. பிறகு கால்கரி பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 2021இல் மருத்துவரானார். படிக்கும் காலத்திலேயே, கொரோனா பரவிக்கொண்டிருந்த 2020 மார்ச்சில், டோக்கியோ ஒலிம்பிக்கைத் திட்டமிட்டபடி நடத்தியே தீருவோம் என்ற ஒலிம்பிக் குழுவின் பிடிவாதம் பொறுப்பற்றது என்று, அக்குழுவின் விளையாட்டு வீரர்கள் ஆணையத்தில் உறுப்பினராக இருந்துகொண்டே வெளிப்படையாகக் கண்டித்தார். ஒரு வாரத்தில் போட்டி ஒத்திவைக்கப்பட்டது.

அவர் தேடிய லீக், வட அமெரிக்காவின் புதிய மகளிர் தொழில்முறை லீக்காக, 2024 ஜனவரி 1 அன்று டொராண்டோவில் தன் முதல் ஆட்டத்தை நடத்தியது. ஆட்டக்காரர்கள் ஒப்பந்தம் போட்டு, சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடினார்கள். விக்கன்ஹைசருக்கு அப்போது வயது நாற்பத்தைந்து. அந்த லீக்கின் மாண்ட்ரியல் அணிக்குத் தலைமை தாங்கியவர் மரி-ஃபிலிப் பூலான்.