பாத்திமா மெர்னிசியின் நினைவில்

மொராக்கோவின் சமூகவியல் அறிஞர் பாத்திமா மெர்னிசி 2015 நவம்பர் 30 அன்று மறைந்தார். அந்த நாள் வரும்போதெல்லாம் எனக்கு அவர் எழுதிய ஒரு மளிகைக்கடைக் காட்சிதான் நினைவுக்கு வருகிறது. முஸ்லிம்களுக்கு ஒரு பெண் தலைமை தாங்கலாமா என்று அவர் கேட்டதும், கடைக்காரர் கையிலிருந்த முட்டைகளைக் கீழே போடாத குறையாக அதிர்ந்துபோக, புதினா இலைகளைத் தடவியபடி நின்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், தம் காரியங்களைப் பெண்ணிடம் ஒப்படைப்போர் உருப்பட மாட்டார்கள் என்னும் நபிமொழியைச் சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டார்.

அன்று பதில் சொல்ல முடியாமல் திரும்பியவர், மூல நூல்களைத் தேடிப் படித்தார். கி.பி. 656இல் நடந்த ஒட்டகப் போரில் நபியின் மனைவி ஆயிஷா படை நடத்தித் தோற்ற பிறகே, நபி மறைந்து ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழித்து, நபித்தோழர் அபூபக்ரா என்பவர் அந்த நபிமொழியை நினைவுகூர்ந்தார் என்பதை 1987இல் வெளியான தம் பிரெஞ்சு நூலில் எடுத்துக்காட்டினார். அந்த நபிமொழியை நம்ப முடியாது என்னும் அவர் முடிவை ஏற்காத மார்க்க அறிஞர்கள் பலர் உண்டு. ஆனாலும், மார்க்கத்தை விட்டு விலகி நின்று ஏசாமல், ஹதீஸ் எனப்படும் நபிமொழிகளை ஆராயும் அறிஞர்கள் வகுத்த அளவுகோலையே கையில் எடுத்து, அறிவிப்பாளரின் நம்பகத்தன்மையை அவர் சோதித்த அந்த நேர்மை என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

ஃபெஸ் நகரில் 1940இல் பிறந்து, ஆண்களின் அனுமதியின்றிப் பெண்கள் வாசல் தாண்ட முடியாத கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த சிறுமி, பின்னாளில் ரபாத் நகரின் ஐந்தாம் முகம்மது பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பாடம் நடத்தினார்.