ஃப்ரீபெரியின் முயல்மயிர் மெருகைத் தேடி: ஏழு மாதக் குறிப்புகள்

சென்ற அக்டோபரில், ஸ்டாக்ஹோமுக்குக் கிழக்கே வெர்ம்தோ தீவில் உள்ள குஸ்தாவ்ஸ்பெரி பீங்கான் அருங்காட்சியகத்தில், சுவீடன் மண்பாண்டக் கலைஞர் பெர்ன்ட் ஃப்ரீபெரி வனைந்த சிறு குடுவைகளின் முன் நெடுநேரம் நின்றேன். அவற்றுள் சில கட்டைவிரல் உயரமே இருந்தன. ஆயினும், பெரிய சாடிக்கு உரிய தோள், கழுத்து, விளிம்பு ஆகிய உறுப்புகள் எல்லாம் அளவு பிசகாமல் அமைந்திருந்தன. அவற்றின் மேல் முயல்மயிர் என்று பெயர் பெற்ற மெருகு (கலத்தின் மேல் பூசிச் சுடும்போது உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு), பழுப்பின் ஊடே வெளிறிய மெல்லிய கோடுகளாக இறங்கியிருந்தது. சீனத்துச் சொங் அரசமரபுக் காலத் தேநீர்க் கிண்ணங்களில் பிறந்த அந்த மெருகு, ஃப்ரீபெரியிடம் பளபளப்பை இழந்து மங்கலாகி, உண்மையிலேயே தடவிப் பார்க்கத் தூண்டும் உரோமம்போல் தோன்றியது. ஏலத்தில் வாங்க வசதி இல்லாதவன் செய்யக்கூடியது ஒன்றுதான் என்று எண்ணி, மாலைநேர மண்பாண்ட வகுப்பில் ஈராண்டுகள் பழகிய துணிச்சலில், 8 செ.மீ. உயரக் குடுவை ஒன்றையாவது நானே செய்து பார்ப்பது என்று முடிவுசெய்தேன்.

ஃப்ரீபெரி 1899இல், மண்பாண்டத் தொழிலுக்குப் பெயர்பெற்ற தென்சுவீடன் ஊரான ஹோகனெஸில் பிறந்தவர். 1934இல் குஸ்தாவ்ஸ்பெரி தொழிற்சாலைக்கு வந்தபோது அவர் கலைஞராக வரவில்லை. அங்கே கலை இயக்குநராக இருந்த வில்ஹெல்ம் கோகேயின் வரைபடங்களுக்குச் சக்கரத்தில் உருவம் கொடுக்கும் கைவினைஞராகவே வந்தார். நுகர்வோர் கூட்டுறவு ஒன்றியம் 1937இல் அந்தத் தொழிற்சாலையை வாங்கியது. 1942இல் அங்கே கலைக்கூடம் தொடங்கப்பட்டது. ஃப்ரீபெரி தம் பெயரில் கலங்கள் செய்யத் தொடங்கியபோது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. அதே கூடத்தில் இருந்த ஸ்டிக் லிண்ட்பெரி வண்ணம் தீட்டினார், வடிவமைத்தார், இலைக்கோல உணவுத்தட்டுகளால் வீடுதோறும் அறியப்பட்டார். ஃப்ரீபெரிக்கோ சக்கரமும் மெருகுமே உலகம். குளியலறைப் பீங்கானும் செய்துவந்த ஒரு தொழிற்சாலைக்குள் இப்படி ஒருவர் தம் போக்கில் வேலைசெய்ய இடமிருந்தது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

நவம்பரில் வனையத் தொடங்கினேன். நாங்கள் பயன்படுத்தும், உயர்சூட்டில் கல்போல் இறுகும் ஸ்டோன்வேர் மண், சுட்டு முடிக்கும்போது ஏறத்தாழ 12 விழுக்காடு சுருங்கும். ஆகவே 8 செ.மீ. வேண்டுமானால் ஈரத்தில் 9 செ.மீ.க்குச் சற்று மேல் உயர்த்த வேண்டும். பெரிய மண்திரளைச் சக்கரத்தில் வைத்து, அதன் உச்சியிலிருந்து சிறு கலங்களை இழுத்து நூலால் அறுத்தெடுத்தேன். அடிவயிறு வரை தொல்லை இல்லை. கழுத்தைக் குவிக்கும்போதுதான் மண் முறுக்கிக்கொண்டு சரிந்தது. அந்த இடத்தில் விரல் உள்ளே போகாது. மூங்கில் குச்சி ஒன்றை உள்ளே தாங்கலாக வைத்து, வெளியே இரு விரல்களால் மட்டும் நெருக்க வேண்டும். புத்தாண்டுக்குள் 64 கலங்கள் வனைந்தேன். அவற்றில் 19 மட்டுமே மெருகு பூசுமுன் 950 பாகை செல்சியஸில் சுடும் முதற்சூட்டுக்குத் தேறின.

மெருகுக்கு ஃபெல்ட்ஸ்பார், சுண்ணாம்புத்தூள், கயோலின், குவார்ட்ஸ் ஆகியவற்றின் கலவையில் 9 விழுக்காடு சிவப்பு இரும்பு ஆக்சைடைச் சேர்த்தேன். சனவரியில் ஆறு கலங்களை இருமுறை முக்கியெடுத்து 1250 பாகையில் சுட்டேன். மறுநாள் சூளையைத் திறந்தபோது, நான்கின் மெருகு வழிந்தோடி அவற்றைச் சூளைத் தட்டோடு ஒட்டவைத்திருந்தது. எஞ்சிய இரண்டும் செருப்புக்கு மை பூசியதுபோல் கறுத்து மினுங்கின. அடியில் மெருகின்றி விடவேண்டிய விளிம்பைத் துடைக்க மறந்தது முழுக்க என் பிழை. தட்டில் ஒட்டிய மெருகை உளியால் செதுக்கியெடுக்க ஒரு மாலை முழுதும் ஆனது.

மினுமினுப்பைப் போக்க வழி, மெதுவாக ஆறவிடுவது. உருகிய மெருகில் கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்கள் வளர அவகாசம் கிடைத்தால்தான் அது மங்கும். அதனால் மார்ச் மாதச் சூட்டில், உச்சத்திலிருந்து 1100 வரை விரைவாக இறங்கவிட்டு, அங்கிருந்து 850 வரை மணிக்கு 50 பாகை வீதம் ஐந்து மணி நேரம் இறக்கினேன். மங்கல் அழகாக வந்தது. ஆனால் ஐந்து கலங்களிலும் ஒரு மயிர்கூட இல்லை. வழியும் என்று அஞ்சி மெருகை மிக மெல்லியதாகப் பூசியிருந்தேன்.

அதற்கிடையில் ஓர் ஏல முன்காட்சியில், ஃப்ரீபெரியின் குடுவை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்க வாய்த்தது. அடியில் அவர் பெயர் கீறப்பட்டிருந்தது. அருகில் கலைக்கூடத்தின் கை உருவ முத்திரையும் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் இருந்தன. சேகரிப்போர் முதலில் தேடுவது அவற்றைத்தான். என் கவனமோ வேறொன்றில் நின்றது. கோடுகள் எல்லாம் செங்குத்தான சரிவில்தான் நீண்டிருந்தன. தோள் திரும்பும் இடத்தில் அவை புள்ளிகளாகச் சுருங்கியிருந்தன. மெருகு உருகி இறங்கும்போது இழுபடுவதால்தானே கோடு பிறக்கிறது! அகன்று தட்டையான தோளில் அது இழுபட இடமில்லை. என் குடுவைகளின் தோள்கள் பெரும்பாலும் அப்படித்தான் அகன்றிருந்தன. மெருகின் சூத்திரத்தில் பிழை தேடிக்கொண்டிருந்த எனக்கு, பாதிப் பிழை சக்கரத்திலேயே நேர்ந்துவிட்டது அப்போதுதான் விளங்கியது. மெருகு எங்கே இறங்கும் என்று வனையும்போதே அறிந்தவரின் சரிவு அது.

இந்தச் சரிவை, சுவீடனின் மற்றொரு பீங்கான் தொழிற்சாலையான ரோர்ஸ்ட்ராண்டின் கார்ல்-ஹாரி ஸ்டோல்ஹானே செய்த கலங்களோடு ஒப்பிட ஆசை இருக்கிறது. தோபோ ஊரில் 1935இலிருந்து 1972 வரை சொந்தப் பட்டறை நடத்திய எரிக், இங்ரிட் ட்ரில்லர் தம்பதியின் எளிய கலங்களையும் ஒரு நாள் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

எஞ்சிய எட்டையும் ஏப்ரலில் சுட்டேன். கீழே இரும்பு மெருகு, அதன்மேல் 4 விழுக்காடு ரூட்டைல் (டைட்டேனியக் கனிமம்) சேர்த்த மெருகை மேற்பாதியில் மட்டும் இரண்டாம் பூச்சாக இட்டு, அடியில் நான்கு மில்லிமீட்டர் துடைத்துவிட்டு, அதேபோல் ஐந்து மணி நேரம் மெதுவாக ஆறவிட்டேன். ஒன்றும் ஒட்டவில்லை. மூன்று குடுவைகளில் மயிர்க்கோடுகள் தெரிந்தன, அவையும் தோள் குறுகிய மூன்றில்தான். அவற்றுள் சிறந்ததன் உயரம் 7.6 செ.மீ.; அதன் கழுத்து இடப்பக்கம் சற்றே சாய்ந்திருக்கிறது. எடையும் மிகுதி: அடிப்பகுதியைச் சீவும்போது துணிவின்றி நிறுத்திவிட்டேன். இப்போது தோளே இல்லாத, முளைபோல் ஒடுங்கி எழும் வடிவத்தில் பன்னிரண்டு கலங்கள் அலமாரியில் உலர்ந்துகொண்டிருக்கின்றன.