தென்னந்தோப்பை நாங்களே அளந்து வரைபடம் போட்ட கதை

வாடிப்பட்டிப் பக்கம் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. சொட்டுநீர்க் குழாய் போடலாம் என்று பேச்சு வந்தபோது, மரம், கிணறு, வரப்பு எல்லாவற்றையும் அளவோடு காட்டும் ஒரு படம் தேவைப்பட்டது. டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவி வைத்திருப்பவரைக் கூப்பிட்டால் அரை நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் நில அளவையின் பழைய முறைகளைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு ரொம்ப நாளாக உண்டு. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று தோன்றியது. சித்தப்பா துணைக்கு வந்தார்.

கருவிகள் பெரிதாக ஒன்றும் இல்லை. 30 மீட்டர் எஃகு டேப், 50 மீட்டர் ஃபைபர் டேப், வெள்ளையும் சிவப்பும் அடித்த ஆறடிக் கம்புகள், தூக்குக்குண்டு, ஒரு பலகைத் துண்டில் நான்கு ஆணி அடித்த செங்கோணக் கட்டை, ஒளி ஊடுருவும் ரப்பர் டியூப், நோட்டு, பென்சில். அவ்வளவுதான்.

முதலில் கையில் எடுத்தது எஃப்.எம்.பி. என்று எல்லோரும் சொல்லும் புலப்படம், அதாவது நிலத்தின் எல்லையை அளவுகளோடு காட்டும் அரசுப் படம். தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் கிடைத்துவிடும். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புலப்படத்தை அச்செடுத்து, ஸ்கேல் வைத்து அளந்து, "இங்கேதான் எல்லை" என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 1:2000 அளவில் வரைந்த படத்தில் கால் மில்லிமீட்டர் என்பது தரையில் அரை மீட்டர். பென்சில் கோட்டின் தடிமனே அவ்வளவு வரும். படத்தில் கோடுகளை நம்பக்கூடாது, அதில் எழுதியிருக்கும் எண்களைத்தான் நம்ப வேண்டும்.

எங்கள் புலம் நான்கு மூலை. வடமேற்குக் கல்லை 1 என்று வைத்தேன். தென்மேற்கு 2, தென்கிழக்கு 3, வடகிழக்கு 4. முதல் மூன்று கல்லும் கண்ணுக்குத் தெரிந்தன. நான்காவது கல் இருக்க வேண்டிய இடத்தில் வாய்க்கால் தூர்வாரிய மண் மேடாகக் கிடந்தது.

நில அளவையில் இரண்டு அடிப்படை விதிகள் உண்டு. முழுமையிலிருந்து பகுதிக்குப் போக வேண்டும் என்பது ஒன்று. ஒரு புள்ளியின் இடத்தை, ஏற்கெனவே தெரிந்த இரண்டு புள்ளிகளிலிருந்தாவது அளந்துதான் முடிவு செய்ய வேண்டும் என்பது இன்னொன்று. படிக்கும்போது ரொம்பச் சாதாரணமாகத் தெரியும். தோப்பில் நின்றபோதுதான் இவை எவ்வளவு வேலை செய்கின்றன என்று புரிந்தது.

முழுமை என்பது இங்கே மூலைவிட்டம். வரப்பு ஓரமாக நான்கு பக்கத்தையும் அளப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் நான்கு பக்க நீளம் மட்டும் தெரிந்தால் உருவம் நிலைக்காது. அதே நான்கு நீளத்தில் நாற்கரத்தைச் சாய்த்துக்கொண்டே போகலாம், பரப்பும் மாறிக்கொண்டே போகும். மூலைவிட்டம் ஒன்று போட்டுவிட்டால் இரண்டு முக்கோணம், அசையவே அசையாது. நம் ஊர்ப் புலப்படங்களும் இந்த அடிப்படையில்தான் போடப்பட்டவை: ஒரு மூலைவிட்டம், அதிலிருந்து இருபுறமும் செங்குத்துத் தூரங்கள். அந்தச் செங்குத்துத் தூரத்துக்கு ஆஃப்செட் என்று பெயர்.

1-லிருந்து 3-க்கு மூலைவிட்டத்தைக் காலையில் அளந்தோம். காலை என்பதற்குக் காரணம் உண்டு. எஃகு சூட்டில் நீளும். டேப் 20 டிகிரிக்குத்தான் சரியான நீளம். நடு வெயிலில் தரையில் கிடந்து 45 டிகிரிக்கு ஏறினால் 30 மீட்டருக்கு 8 மில்லிமீட்டருக்கு மேல் கூடும், எங்கள் முழுக் கோட்டுக்கு 3 சென்டிமீட்டர். தோப்பு வேலைக்கு இது பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி சென்னைப் பரங்கிமலைப் பக்கம் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்ப்டன் தன் அளவை வேலைக்கெல்லாம் ஆதாரமான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியபோது இதற்குத்தான் அவ்வளவு பாடுபட்டார். ஏழரை மைலுக்கு மேல் நீளம், 100 அடி எஃகுச் சங்கிலி. சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு நிழல் கொடுத்து, வெப்பமானி வைத்து, ஒவ்வொரு முறையும் சூட்டைக் குறித்துக்கொண்டார்கள். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் பின்னிய பெரிய அளவை வேலை தொடங்கியது அந்த ஒரு கோட்டில். அது தப்பினால் மேலே கட்டிய எல்லாம் தப்பும். முழுமையிலிருந்து பகுதிக்கு என்பதன் பொருள் அதுதான்: பெரியதைச் சிரத்தையாக அளந்துவிட்டால், சின்னதில் வரும் பிழை அதன் இடத்திலேயே அடங்கிவிடும்.

மூன்று கம்பு ஒரே நேரில் தெரிய வேண்டும். ஒருவர் பின்னால் நின்று கண்ணால் பார்த்துக் கையசைக்க, இன்னொருவர் கம்பை நகர்த்த வேண்டும். நடுவில் ஒரு தென்னை கோட்டிலேயே நின்றது. அதற்கு முன்னால் இரண்டு இடத்தில் செங்கோணத்தில் 1.50 மீட்டர் விலகி, அந்த இரண்டு புள்ளியையும் சேர்த்து ஓர் இணைகோடு போட்டு, மரம் தாண்டியதும் அதே 1.50 மீட்டரில் பழைய கோட்டுக்குத் திரும்பினோம். மரம் மறைப்பது பழைய தொல்லைதான். மலை இல்லாத தஞ்சாவூர்ச் சமவெளியில் பனையும் தென்னையும் மறைத்ததால்தான் லாம்ப்டன் கோயில் கோபுரங்கள்மேல் கருவியை ஏற்ற நேர்ந்தது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவி சுவரில் மோதிச் சேதமானது.

வரப்பு இறங்கும் இடத்தில் டேப்பைத் தரையோடு போடக்கூடாது. நமக்கு வேண்டியது கிடைத்தூரம். டேப்பை மட்டமாகப் பிடித்து, நுனியிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, படிப்படியாக அளந்து இறங்கினோம். போகும்போது 108.59 மீட்டர், திரும்பும்போது 108.61. சராசரி 108.60. புலப்படத்தில் 108.6. சித்தப்பா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்ப ரெண்டு கல்லும் நகரலப்பா" என்றார். அதே நினைப்புதான் எனக்கும்.

இனி நான்காவது கல். புலப்படத்தில் 1-லிருந்து 4-க்கு 74.8, 3-லிருந்து 4-க்கு 67.8. இரண்டு கல்லிலிருந்தும் அந்தந்தத் தூரத்துக்கு வில் போட்டால் வெட்டுகிற இடத்தில் கல் இருக்க வேண்டும். ஒரே டேப் அவ்வளவு நீளம் எட்டாது. ஒவ்வொரு கல்லிலிருந்தும் உத்தேசமாக நேர் பிடித்து 50 மீட்டரில் முளை அடித்து, அங்கிருந்து மிச்சத்தை அளந்து, இரண்டும் ஒத்துவரும் வரை முளைகளைத் திருத்திக்கொண்டே போனோம். கடைசியில் மண்மேட்டில் ஓர் இடம் கிடைத்தது. கடப்பாரையால் மெதுவாகக் குத்திப் பார்த்தபோது ஓரடிக்குக் கீழே "டங்" என்றது. மண்ணை விலக்கினால் சர்வே கல், தலையில் வெட்டிய குறியோடு அப்படியே நின்றது. பல வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு நில அளவர் வெயிலில் நின்று எழுதிய இரண்டு எண், மண்ணுக்குள் இருக்கும் கல்லை இன்றைக்குக் காட்டிக் கொடுத்தது. இந்த வேலையில் எனக்கு மிகப் பெரிய சந்தோஷம் இதுதான். கல்லை நாங்கள் தொடவில்லை, மேலே ஓர் அடையாளக் கம்பு மட்டும் நட்டோம். எல்லைக் கல்லை அசைப்பது குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் ஆஃப்செட். மூலைவிட்டத்தில் 47.20 மீட்டரில் நின்று செங்கோணக் கட்டையில் பார்த்தால் 2-ஆம் கல் நேராகத் தெரிந்தது, தூரம் 41.35. மறுபக்கம் 58.90-இல் 4-ஆம் கல், தூரம் 46.10. பரப்பு எளிது: மூலைவிட்டத்தில் பாதியை இரண்டு ஆஃப்செட்டின் கூட்டுத்தொகையால் பெருக்க வேண்டும். 54.30 × 87.45 = 4748.5 சதுர மீட்டர்.

இங்கே நின்றுவிடக்கூடாது என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது. செங்கோணத்தில் ஒரு டிகிரி பிழை இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 41.35 மீட்டர் ஆஃப்செட்டின் நீளம் வெறும் 6 மில்லிமீட்டர்தான் மாறும். ஆனால் அதன் அடி மூலைவிட்டத்தில் 72 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பரப்பை மட்டும் பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும், படத்திலோ மூலைக் கல் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். இதைக் காட்டிக்கொடுப்பது, கணக்குக்குத் தேவைப்படாத, சரிபார்க்க மட்டுமே எடுக்கும் கூடுதல் அளவு. 2-லிருந்து 4-க்கு இன்னொரு மூலைவிட்டம் அளந்தோம். கணக்கில் வர வேண்டியது 88.23, டேப்பில் வந்தது 88.17. ஆறு சென்டிமீட்டர் வித்தியாசம், கிட்டத்தட்ட 1,500-இல் ஒரு பங்கு. கையால் அளந்ததற்கு இது நல்ல முடிவு.

நான்கு பக்கத்தையும் தனியாக அளந்தோம்: 62.77, 74.01, 67.78, 74.83. மூன்று பக்க நீளத்தை வைத்தே முக்கோணத்தின் பரப்பைத் தரும் ஹீரோன் சூத்திரத்தில் இரண்டு முக்கோணத்துக்கும் போட்டுக் கூட்டினால் 4749.8. இரண்டு வழிக்கும் இடையே ஒரு சதுர மீட்டருக்குச் சற்று மேல்தான். அளப்பது யாராலும் முடியும். அளந்தது தப்பாக இருந்தால் அது தானாக வெளியே வரும்படி வேலையை அடுக்குவதுதான் நில அளவை என்று நினைக்கிறேன்.

கிழக்குப் பக்கம் வாய்க்கால் வளைந்து போகிறது. 3-க்கும் 4-க்கும் இடையே கயிறு கட்டி, 10 மீட்டருக்கு ஓர் இடத்தில் கரை வரை அளந்தோம்: 0.9, 1.6, 2.1, 1.8, 1.2, 0.5. துண்டுகளை நேர்கோட்டுச் சரிவகங்களாக எடுக்கும் சரிவக முறையில் 80.4 சதுர மீட்டர், வளைவையும் கணக்கில் எடுக்கும் சிம்ப்சன் முறையில் 82.3. வளைவு மெல்லியதாக இருந்தால் இரண்டுக்கும் இவ்வளவுதான் வித்தியாசம் வரும். சரிவக முறையின் எண்ணை எடுத்தால் ஆக மொத்தம் 4829 சதுர மீட்டர், அதாவது 48.29 ஏர் (ஓர் ஏர் 100 சதுர மீட்டர்). பட்டாவில் 48.50. அரை சென்ட் வித்தியாசம்.

சென்ட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு சென்ட்டுக்கு 435.6 சதுர அடி என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்று சின்ன வயதிலிருந்து யோசித்திருக்கிறேன். அதன் வேர் ஆங்கிலேயக் கணித அறிஞர் எட்மண்ட் கண்டரின் அளவைச் சங்கிலியில் இருக்கிறது. 66 அடி நீளம், 100 கண்ணி. ஒரு சதுரச் சங்கிலி 4,356 சதுர அடி, அதுவே பத்து சென்ட். பத்து சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். சங்கிலி கையில் இருந்த காலத்தில் ஏக்கர் கணக்குக்குத் தசமப் புள்ளியை நகர்த்தினாலே போதும். பழைய பத்திரங்களைப் படிக்கும்போது இது கையோடு உதவும்.

மரங்களைக் குறிக்கப் பிளேன் டேபிள் முறை. வரைபலகையைக் கேமரா ஸ்டாண்டில் மட்டமாக வைத்து, தோப்பின் நடுவில் நிறுத்தி, ஸ்கேலின் இரு முனையில் குண்டூசி குத்தி அதன் வழியே ஒவ்வொரு மரத்தையும் பார்த்துக் கோடிழுத்து, தூரத்தை அளந்து வைத்தோம். களத்திலேயே படம் வளர்வதைப் பார்ப்பது தனிச் சுகம். 1:500 அளவில் மூலைவிட்டம் 21.7 சென்டிமீட்டர், ஏ4 தாளுக்குள் அடங்கிவிடும். இந்த அளவில் கால் மில்லிமீட்டர் தரையில் 12.5 சென்டிமீட்டர். ஆகவே மரத்தைச் சென்டிமீட்டர் சுத்தமாக அளப்பது வீண் வேலை. எதை எவ்வளவு நுணுக்கமாக அளக்க வேண்டும் என்பதைப் படத்தின் அளவுகோலே சொல்லிவிடுகிறது.

ஃபோன் ஜி.பி.எஸ். பற்றிக் கேட்பார்கள். திறந்த வெளியிலேயே சில மீட்டர் தள்ளிக் காட்டும், தென்னை ஓலைக்குக் கீழே இன்னும் மோசம். கிணற்றைக் கண்டுபிடிக்கலாம், வரப்பைத் தீர்மானிக்க முடியாது. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் படத்தை ஏற்றும்போது மட்டும் ஒரு கவனம் வேண்டும்: 78 டிகிரி தீர்க்கரேகை எங்கள் பக்கமாகத்தான் போகிறது. உலகை 6 டிகிரிப் பட்டைகளாகப் பிரிக்கும் யுடிஎம் ஆயமுறையில், அதற்கு மேற்கே 43-ஆம் மண்டலம், கிழக்கே 44. மதுரை நகரம் 44, வாடிப்பட்டி 43.

மட்டம் எடுக்க ரப்பர் டியூப் போதும். கிணற்று மேடையின் உயரத்தை 100.000 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, டியூபில் காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையிலும் நீர்மட்டத்தைப் படித்து, 10 மீட்டர் கட்டமாக நடந்தோம். சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடித்தபோது 8 மில்லிமீட்டர் பிசகு. சாதாரண மட்டமெடுப்புக்கு, கிலோமீட்டரில் உள்ள தூரத்தின் வர்க்கமூலத்தை 25-ஆல் பெருக்கினால் வரும் மில்லிமீட்டர் வரை ஒப்புக்கொள்ளலாம். எங்கள் 300 மீட்டர் சுற்றுக்கு அது கிட்டத்தட்ட 14. வடமேற்கிலிருந்து தென்கிழக்குக்கு 1.42 மீட்டர் சரிவு. 20 சென்டிமீட்டருக்கு ஒரு சமஉயரக்கோடு போட்டதும், தெற்கு வரப்பின் நடுவில் ஒரு பள்ளம் பளிச்சென்று தெரிந்தது. மழை பெய்தால் தண்ணீர் தேங்கி, மரம் மஞ்சளிக்கும் இடம் அதுதான்.

படத்தைப் பார்த்து மெயின் குழாயை மேட்டுப் பக்கமான வடக்கு வரப்போரம் போட முடிவாகிவிட்டது. இந்தப் படம் எங்கள் வீட்டு உபயோகத்துக்குத்தான். எல்லைத் தகராறு என்றால் அரசு நில அளவர் வந்து அளப்பதுதான் செல்லும்.

பக்கத்துத் தோப்பு அண்ணன் தன்னுடையதையும் அளந்து தரச் சொல்லியிருக்கிறார். அது ஐந்து மூலை, மூன்று முக்கோணமாகப் பிரிக்க வேண்டும். ஒரு மூலைவிட்டத்தின் குறுக்கே பெரிய கிணறு. கிணற்றுக்கு இப்பாலும் அப்பாலும் கோட்டில் இரண்டு முளை அடித்து, ஓரமாக ஒரு கம்பு நட்டு, ஒவ்வொரு முளையிலிருந்தும் கம்பு வரை அளந்த தூரத்தையே அதே நேரில் கம்பைத் தாண்டியும் நீட்டினால், மறுபுறம் அதே அளவுள்ள இன்னொரு முக்கோணம் கிடைக்கும். அதன் மூன்றாவது பக்கத்தை அளந்தால் போதும், கிணற்றைக் கடந்து போகும் தூரம் கிடைத்துவிடும். அறுவடை முடிந்து சித்தப்பாவுக்கு நேரம் கிடைத்ததும் தொடங்குகிறோம்.