ரீபவுண்ட் எடுக்கத் தெரியாத பிள்ளைகள்

2025 ஜூன் 6, வெள்ளி

தோற்றுவிட்டோம். அமெரிக்காவின் NBA கூடைப்பந்து இறுதித் தொடரில், நாங்கள் ஆதரிக்கும் தண்டர் அணிக்கு முதல் ஆட்டமே தோல்வி. ஆட்டம் முடிய 0.3 வினாடி இருந்தபோது இந்தியானாவின் ஹாலிபர்ட்டன் எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. இந்தியானா பேசர்ஸ் 111, ஒக்லஹோமா சிற்றி தண்டர் 110. முழு ஆட்டத்திலும் இந்தியானா முன்னுக்கு நின்றது அந்த 0.3 வினாடி மட்டும்தான்.

அங்கே வியாழன் இரவு. இங்கே வெள்ளி காலை ஆறு மணி. மாமா ஐந்தரைக்கே சைக்கிளில் மட்டக்களப்பின் கல்லடிப் பாலம் கடந்து வந்து எங்கள் விறாந்தையில் உட்கார்ந்திருந்தார். பந்து விழுந்ததும் தம்பி எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டான். மாமா அசையவில்லை. "ரீபவுண்ட் எத்தனை என்று பார்" என்றார். பார்த்தேன். கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடித்தது இந்தியானா 56 தடவை, நாங்கள் 39.

"எதிரணி இருபத்தைந்து தடவை பந்தைத் தவறவிட்டும் உன் பிள்ளைகள் தோற்றிருக்கிறார்கள். அவர்களுக்கு ரீபவுண்ட் எடுக்கத் தெரியாது, மருமகன்."

கோபம் வந்தது. ஆனால் மாமாவின் சொல்லைத் தட்டிவிட முடியாது. அவர் புனித மிக்கேல் கல்லூரியில் இயூஜின் ஹேபியர் அடிகளாரிடம் கூடைப்பந்து படித்தவர். அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்து 1948இல் இலங்கைக்கு வந்த யேசு சபைத் துறவி அவர். இந்த வாவிக்கரையில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பந்தைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் வந்து சேரவே இல்லை. மாமா அந்த நாளைப் பற்றிப் பேசமாட்டார். அடிகளார் சொன்னதை மட்டும் சொல்வார்.

என் வாதத்தையும் எழுதிவைக்கிறேன். தண்டரின் பலம் கைகளில் இருக்கிறது. டோர்ட், வாலஸ், கருசோ மூவரும் எதிராளியின் பந்து தரையில் பட்டு எழும்புவதற்குள் விரலை நீட்டிவிடுகிறார்கள். அந்த வேகத்துக்காகத்தான் பயிற்றுநர் இன்று உயரமான ஹார்ட்டன்ஸ்டைனைத் தொடக்க ஐவரில் சேர்க்காமல் வாலஸை இறக்கினார். வேகத்தை எடுத்தால் உயரத்தைக் கொடுக்கத்தான் வேண்டும்.

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள். காத்தான்குடி நண்பர் வீட்டில் மதியச் சாப்பாடு. வட்டிலப்பம் வருவதற்கு முன்பே விவாதம் தொடங்கிவிட்டது. அவர் இந்தியானா பக்கம். ரீபவுண்டை அவர் பெரிதாக எடுக்கவில்லை. "கடைசி இரண்டு நிமிடத்தில் ஷேயைத் தவிரப் பந்தைக் கேட்பதற்கு உங்களிடம் ஆள் இல்லை, மச்சான்" என்றார். ஷே எங்கள் அணியின் முதன்மை ஆட்டக்காரர். இரவு வீடு வந்த பிறகும் நண்பரின் சொல் குத்திக்கொண்டே இருந்தது.

ஜூன் 9, திங்கள்

கண்ணகி அம்மன் கோயில் சடங்குக்கு விடிய விடிய விழித்திருந்துவிட்டு, திருநீறு காயாத நெற்றியோடு ஆட்டம் பார்த்தோம். 123-107. வென்றோம். ஷே 34, மாற்று வீரராக வந்த கருசோ 20. தூங்கப் போகிறேன்.

ஜூன் 12, வியாழன்

107-116. மீண்டும் பின்னுக்கு.

இந்த முறை மாமாவுக்கும் நண்பருக்கும் ஒரே குரல்: பிள்ளைகள் பதறுகிறார்கள். இந்தியானாவின் மக்கொனல் என்ற சிறிய மனிதர், முப்பது தாண்டியவர், மாற்று வீரராக வந்து ஐந்து தடவை பந்தைப் பறித்தார். கூடை விழுந்த பிறகு எங்கள் ஆள் சோர்வாக உள்ளே எறியும் பந்தை, திரும்பி ஓடுவதுபோல் பாவனை காட்டி எடுத்தார். எங்கள் கைகளின் பெருமையை நான் பேசிய வாரத்திலேயே இப்படி.

வயதைக் காட்டிப் பேசுவதை மட்டும் நான் ஏற்கவில்லை. ஜேலன் வில்லியம்ஸுக்கு 24, ஹோம்கிரெனுக்கு 23, ஷேக்கே 26தான். அணியில் மூத்தவரான கருசோவுக்கு 31. ஆனால் இவர்கள் 2020-21 பருவத்தில் 22 வெற்றி, அடுத்தது 24, பிறகு 40, 57, இந்தப் பருவம் 82 ஆட்டங்களில் 68 என்று ஏறி வந்தவர்கள். நாற்று நாளிலிருந்து வயலைப் பார்த்தவனுக்குக் கதிர் முற்றியதா இல்லையா என்று தெரியும்.

ஜூன் 14, சனி

இன்று எழுத நிறைய இருக்கிறது.

ஹார்ட்டன்ஸ்டைன் தொடக்க ஐவருக்குத் திரும்பினார். மாமா ஒன்றும் சொல்லவில்லை, தேநீரை மட்டும் இரண்டாவது தடவை கேட்டார். நான்காம் பகுதி தொடங்கும்போது 80-87. எங்களுக்கு மூன்று புள்ளி எறிகைகள் ஆட்டம் முழுவதிலும் மூன்றே மூன்றுதான் விழுந்தன. இதுவும் தோல்வி என்றுதான் நினைத்தேன். பிறகு ஷே தொடங்கினார். கடைசி ஐந்து நிமிடத்துக்குள் மட்டும் 15 புள்ளி. அவர் ஓடி வென்றவர் அல்ல, நின்று வென்றார். எதிராளியை நெருங்கவிட்டு, ஒரு காலை ஊன்றி, தோளைச் சற்றுச் சாய்த்து, அவன் பின்வாங்கிய அரை நொடியில் எழும்பி எறிகிறார். 111-104. தொடர் 2-2.

நண்பர் தொலைபேசியில் வந்தார். "35 புள்ளி எடுத்தார், சரி. கூடை போடக் கொடுத்த பாஸ் எத்தனை என்று பார்த்தீர்களா?" ஒன்றுகூட இல்லை. அவர் போன சனிக்கிழமை சொன்னது அப்படியே நிற்கிறது. வென்ற நாளிலும் என்னால் மறுக்க முடியவில்லை.

மாமா போகும் முன் என்னை விறாந்தை நடுவில் நிறுத்தினார். தம்பியிடம் பந்தைச் சுவரில் எறியச் சொன்னார். "எடு பார்ப்போம்." அறுபத்து நான்கு வயது மனிதர். வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் குதிக்காலைப் பதித்து, முழங்காலை மடக்கி, முதுகை என் வயிற்றில் வைத்தார். இரண்டு முழங்கைகளும் கதவுபோல் விரிந்தன. நான் இடப்பக்கம் நகர்ந்தேன், இடுப்பு வந்தது. வலப்பக்கம் நகர்ந்தேன், இடுப்பு அங்கேயும் வந்தது. பந்து சுவரில் பட்டுத் தரையில் இரண்டு முறை குதித்து அவர் காலடியில் நின்றது. அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"பந்தைப் பார்க்காதே. முதலில் ஆளைத் தேடு. பந்து பிறகு வரும். அடிகளார் ஒரு மாதம் எங்களைப் பந்து இல்லாமலே இதைச் செய்ய வைத்தார்."

ஹோம்கிரென் ஏழடிக்கு மேல் உயரம், ஆனால் மெலிந்த உடல். அவர் பந்தைத்தான் பார்க்கிறார். மாமா சொன்னது இப்போதுதான் எனக்குக் கண்ணில் தெரிகிறது.

ஜூன் 17, செவ்வாய்

ஜேலன் வில்லியம்ஸ் 40 புள்ளி! 120-109. ஷே 31 எடுத்ததோடு பத்துக் கூடைகளுக்குப் பாஸ் கொடுத்தார். நண்பருக்கு நானே அழைத்தேன். பந்தைக் கேட்க இரண்டாவது ஆள் வந்துவிட்டார்.

2019இல் போல் ஜோர்ஜை கிளிப்பர்ஸுக்குக் கொடுத்தபோது ஷே வந்தார். கூடவே வந்த, புதிய வீரர்களை அணிக்குத் தெரிவு செய்யும் உரிமைகளில் ஒன்றுதான் 2022இல் 12ஆவது தெரிவாக ஜேலன் ஆனது. அந்த ஒரு பேரத்தின் பலன் இன்று 71 புள்ளி. பொறுமையாகக் கட்டிய அணி இது. எனக்கு இவர்களைப் பிடிப்பதற்கு முதல் காரணமே அதுதான்.

ஜூன் 20, வெள்ளி

91-108. இடைவேளையிலேயே 42-64.

21 தடவை பந்தைத் தவறவிட்டோம். அதில் ஷே மட்டும் எட்டு. கச்சான் காற்று காலையிலேயே சூடாக அடித்தது. மாமா பாதியில் எழுந்து போய்விட்டார். நான் கடைசிவரை பார்த்தேன். பாஸ் கொடுக்க வேண்டிய இடத்தில் இன்னொரு தடவை பந்தைத் தட்டுகிறார்கள், அதற்குள் இரண்டு பேர் சூழ்ந்துவிடுகிறார்கள். வயது காரணம் என்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் பதற்றம் என்று மாமாவும் நண்பரும் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

103-91. தண்டர் சம்பியன்.

முதல் பகுதியிலேயே ஹாலிபர்ட்டன் விழுந்தார். ஏற்கெனவே கெண்டைக்கால் வலியோடு ஆடி, மூன்று மூன்று-புள்ளிகளை எறிந்திருந்தார். யாரும் தொடாமலே விழுந்து, கையால் தரையை அடித்தார். எங்கள் விறாந்தையில் ஒரு சத்தமும் இல்லை. மாமா கண்ணாடியைக் கழற்றி, "அந்தப் பிள்ளை எழும்பட்டும், பிறகு ஆடலாம்" என்றார். நண்பருக்கு அழைத்தேன், அவர் எடுக்கவில்லை.

ஹாலிபர்ட்டன் இல்லாமலே இந்தியானா இடைவேளையில் 48-47 என்று முன்னுக்கு நின்றது. மூன்றாம் பகுதியில் எங்கள் கைகள் மீண்டும் நீண்டன: 34-20. ஹோம்கிரென் ஐந்து எறிகைகளைத் தடுத்தார். ஷே 29 புள்ளி, 12 பாஸ்.

"ஹாலிபர்ட்டன் நின்றிருந்தால்?" என்று மாமா கேட்டார். மூன்றாம் பகுதியைக் காட்டினேன். அவர் ஏற்கவில்லை. மதியம் நண்பர் அழைத்தார், அவரும் ஏற்கவில்லை. ஆனால் ஷேயின் 12 பாஸை அவரே எடுத்துச் சொன்னார். அதற்காக அவருக்கு நன்றி.

மாலை காற்றுத் தணிந்ததும் மாமா வந்தார். தம்பியும் அவன் கூட்டாளிகள் நாலு பேரும் பந்தோடு தயாராக நின்றார்கள். மாமா பந்தை வாங்கித் தன் சைக்கிள் கூடைக்குள் வைத்துவிட்டு, "ஆளுக்கொரு ஆள் பிடியுங்கள்" என்றார்.