கண் முன்னாலேயே இருக்கிற ஃபைலைக் காணோமாம்

போன மாதம் ஒரு குழந்தைக் கதை வீடியோ செய்தேன். குளத்தங்கரையில் ஒரு கொக்கும் மீனும் பேசிக்கொள்ளும், அவ்வளவுதான் கதை. இரண்டுக்கும் குரல் கொடுத்தது வழக்கமாக எனக்குப் பேசித் தரும் அக்கா. அவர் பென்டிரைவில் கொடுத்த வேவ் ஃபைல்களைச் சோம்பல்பட்டு அங்கேயே வைத்து, குரலுக்கு ஏற்ப வாயசைவைப் பொருத்த உதவும் பாப்பகாயோ என்ற மென்பொருளில் திறந்தேன். ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து வாயசைவை அடுக்கினேன். பாப்பகாயோ அந்த வேலையைச் சேமிக்கும் பிஜிஓ ஃபைல் இரண்டையும் என் டி டிரைவில் சேமித்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பென்டிரைவ் அக்காவிடமே திரும்பிப் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்துத் திறந்தால், ஒலி ஃபைலைத் திறக்க முடியவில்லை என்கிறது. ஃப்ரேம் கணக்கு இருக்கிறது, வார்த்தைகள் இருக்கின்றன, அலைக்கோடு மட்டும் இல்லை. குரல் இல்லாமல் வாயசைவை எதோடு சரிபார்ப்பது?

பாப்பகாயோ பழகியவர்களே பலர் செய்து பார்க்காத ஒன்று: பிஜிஓ ஃபைலை நோட்பேடில் திறப்பது. அது வெறும் எழுத்து ஃபைல்தான். முதல் வரி, லிப்சிங்க் வெர்ஷன் 1. இரண்டாவது வரி, ஒலி ஃபைலின் முகவரி. மூன்றாவதில் ஒரு நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது, அப்புறம் மொத்த ஃப்ரேம், எத்தனை குரல் என்று போகும். நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது வரி. சேமிக்கும்போது ஒலி ஃபைலும் பிஜிஓவும் ஒரே ஃபோல்டரில் இருந்தால் அங்கே வெறும் பெயர் மட்டும் இருக்கும். வேறு வேறு இடத்தில் இருந்தால் டிரைவ் எழுத்திலிருந்து முழு முகவரியும் எழுதப்பட்டுவிடும். என்னுடையதில் ஈ டிரைவ் என்று இருந்தது. ஈ டிரைவோ அக்கா வீட்டு மேசை டிராயரில் கிடக்கிறது.

சரி, இது எளிதுதான் என்று நினைத்தேன். அக்காவைக் கூப்பிட்டு, மறுபடி அனுப்பச் சொன்னேன். "என்ன தம்பி, அன்னைக்கே காப்பி பண்ணிக்கலையா?" என்று கேட்டுவிட்டு, தன் பழைய மேக்கிலிருந்து ஜிப் செய்து அனுப்பினார். பிரித்தேன். கொக்கு, மீன், இரண்டு வேவ் ஃபைல். பிஜிஓ இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டேன். நோட்பேடில் இரண்டாவது வரியை அழித்துவிட்டு, ஒன்றில் மீன் என்றும் மற்றதில் கொக்கு என்றும் பெயரைத் தட்டிச் சேமித்தேன்.

மீன் திறந்துகொண்டது. கொக்கு திறக்கவில்லை.

ஒரே ஃபோல்டர், ஒரே ஜிப், ஒரே கை தட்டிய பெயர். கடைசியில் வேவ் என்பது இரண்டு தடவை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன் (விண்டோஸ் அந்த வால் பகுதியை மறைத்து வைப்பதால் இது அடிக்கடி நடக்கும்). இல்லை. பெயருக்குப் பின்னால் இடைவெளி இருக்கிறதா? இல்லை. பாப்பகாயோ என்றால் ஸ்பானிஷில் கிளியாம். கொக்கைப் பிடிக்கவில்லையோ என்னவோ என்று திட்டிக்கொண்டே டீ போடப் போனேன்.

திரும்பி வந்து, ஜிப்பிலிருந்து வந்த ஃபைலின் பெயரை காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினேன். நான் தட்டியதற்குக் கீழேயே. பார்வைக்குத் துளி வித்தியாசம் இல்லை. 'கொ'வுக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸ் அடித்தேன். நான் தட்டியதில் 'கொ' நேரே 'க' ஆனது. அக்கா அனுப்பியதில் 'கொ' முதலில் 'கெ' ஆனது, இன்னொரு அடிக்குப் பிறகுதான் 'க'.

அதுதான் விஷயம். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ஒகரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒற்றைக் குறியாக ஒரு எண் இருக்கிறது. கொம்பையும் காலையும் தனித்தனியாக அடுத்தடுத்து வைத்தாலும் திரையில் அதே 'கொ'தான் தெரியும். என் விசைப்பலகை ஒற்றைக் குறியாகப் போடுகிறது. மேக்கில் ஃபைல்களைச் சேமிக்க முன்பிருந்த ஹெச்எஃப்எஸ் பிளஸ் முறையோ ஃபைல் பெயர்களில் இந்தக் குறியைப் பிரித்துத்தான் வைக்கும். 2017-இல் ஏபிஎஃப்எஸ் என்ற புது முறை வந்த பிறகு அப்படிப் பிரிப்பதில்லை. ஆனால் அக்காவின் மேக் அதற்கு முந்தியது, ஜிப்பும் பிரித்த பெயரையே சுமந்து வந்துவிட்டது. விண்டோஸுக்கு இவை இரண்டும் வேறு வேறு பெயர். ஒரே ஃபோல்டரில் இரண்டு 'கொக்கு' வைத்தாலும் சண்டையில்லாமல் ஏற்றுக்கொள்ளும். வைத்துப் பார்த்தேன், வேடிக்கையாக இருந்தது. மீன் ஏன் தப்பித்தது என்றால், ஈகாரக் குறிக்குப் பிரிக்க ஒன்றுமில்லை. ஒ, ஓ, ஔ வரிசைக்குத்தான் இந்த வம்பு.

ஒட்டிய பெயரையே இரண்டாவது வரியில் விட்டுச் சேமித்தேன். கொக்கு பேசியது. அப்புறம் எதற்கு வம்பென்று ஃபைல் பெயரையே ஆங்கில எழுத்துக்கு மாற்றி, அந்த வரியையும் மாற்றினேன்.

இதோடு சேர்த்து ஒன்று சொல்லிவிடுகிறேன். குரலைக் கேட்டுத் தானே வாயசைவை அடுக்கும் ரூபார்ப் லிப் சிங்க் என்ற மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கும் இப்படி ஒரு 'காணோம்' வரும். அதை இயக்கும் ஃபைலை மட்டும் எடுத்து வசதியான இடத்தில் வைத்தால் வேலை செய்யாது. பக்கத்திலேயே ரெஸ் என்ற ஃபோல்டர் இருக்க வேண்டும், ஒலி மாதிரிகளும் உச்சரிப்பு அகராதியும் அதற்குள்தான். வாய்ப் படங்களிலும் (வாயின் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு எழுத்து) இதே கதை: ஏ முதல் எஃப் வரை ஆறு கட்டாயம், ஜி, ஹெச், எக்ஸ் மூன்றும் விருப்பம். வரையாத படத்தை வரையவில்லை என்று கட்டளையிலேயே சொல்லாவிட்டால், அது பாட்டுக்கு ஜி போடச் சொல்லும், படம் இருக்காது. தமிழுக்கு, பேச்சை அடையாளம் காணும் ரெகக்னைசரை ஃபொனெட்டிக் (ஒலியை மட்டும் பார்ப்பது) என்று மாற்றிக்கொள்ளுங்கள். இயல்பாக இருப்பது ஆங்கில வார்த்தைகளைத் தேடும். நம் ஊர்ப் பேச்சை அது என்னவாகக் கேட்கும் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

வீடியோ போனபின் அக்காவிடம் பேசினேன். இனிமேல் கே01, எம்01 என்று பெயர் வையுங்கள் அக்கா, தமிழில் வேண்டாம் என்றேன்.

"தமிழ்ல பேர் வைங்க, அப்பதான் எது எதுன்னு தெரியும்னு போன தடவை சொன்னதே நீதானே தம்பி" என்றார்.