சென்னையில் செகண்ட் ஹேண்ட் கார்: முதலில் தண்ணீர், அப்புறம் பேப்பர்

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்றுதான். சென்னையில் அந்தக் கேள்வி மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரட்டும். 80,000 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் நேரத்துக்கு ஆயில் மாற்றிய வண்டி இன்னும் பல வருஷம் உழைக்கும். வெறும் 25,000 ஓடி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ சீட் வரை தண்ணீரில் நின்ற வண்டி, வாங்கியவரை ஷெட்டுக்கும் வீட்டுக்குமாக அலைய விடும். 2015க்கு முந்தைய மாடல் என்றால் அந்த வருஷத்து வெள்ளத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தண்ணீர் வடிந்ததும் காரைக் கழுவி, சீட்டைக் காயவைத்து, ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். பார்க்கவும் பளிச்சென்று இருக்கும். கெடுதல் தரைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. வயரிங் கட்டு கார்ப்பெட்டுக்குக் கீழே, கதவு விளிம்பை ஒட்டி ஓடுகிறது. ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி பல கார்களில் கியர் லிவருக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக இருக்கிறது. கனெக்டருக்குள் புகுந்த தண்ணீர் காய்ந்தாலும் வண்டல் தங்கிவிடும். உள்ளே இருக்கும் செம்பு மெல்லப் பச்சை பூக்கும். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து ஏர்பேக் விளக்கு எரியும், பவர் விண்டோ நினைத்தால் வேலை செய்யும், மழை நாளில் சென்ட்ரல் லாக் தானாகத் திறந்து மூடும். அதற்குள் கார் கைமாறியிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். முன் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை முழுதாக, இனி வராது என்னும் வரை இழுங்கள். அன்றாடம் மாட்டும்போது பாதிப் பெல்ட்தான் வெளியே வரும். மீதி தூணுக்குள் சுருண்டே கிடக்கும். கழுவுகிறவர்களும் அந்தக் கடைசி இரண்டடியைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அங்கே பழுப்பாக ஒரு கோடு, விறைப்பு, விரல் நகத்தால் சுரண்டினால் உதிரும் தூள், இவற்றில் ஒன்று இருந்தாலும் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம். நான்கு பெல்ட்டையும் இப்படிப் பாருங்கள். புது கார்ப்பெட் போடுவது எளிது, அதனால் தரை சுத்தமாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அடுத்து டிக்கியில் ஸ்டெப்னியை வெளியே எடுத்து அந்தக் குழியைத் தடவிப் பாருங்கள். ஜாக்கி வைக்கும் இடுக்கில் வண்டல் இருக்கிறதா? சீட்டைத் தரையோடு பிடிக்கும் போல்ட்டுகளில் துருவோ, ஸ்பேனர் போட்ட தழும்போ இருக்கிறதா? ஐந்து வருஷக் காரில் நான்கு சீட் போல்ட்டும் கழற்றி மாட்டப்பட்டிருந்தால் ஏன் என்று கேட்டே ஆக வேண்டும். கதவு ஓரத்து பிளாஸ்டிக் பட்டை கிளிப்பில்தான் நிற்கிறது. விற்பவரிடம் சொல்லிவிட்டு நிதானமாகத் தூக்கி, கார்ப்பெட்டுக்குக் கீழே இருக்கும் ஸ்பாஞ்சை அழுத்துங்கள். கடைசியாகக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். பர்ஃப்யூம் எவ்வளவு அடித்திருந்தாலும், ஊறிய ஸ்பாஞ்சின் புளித்த வாடை சூட்டில் மேலே வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. கால் வைக்கும் இடம் ஈரமாக இருந்தாலே வெள்ளக் கார் என்று முடிவு கட்ட வேண்டாம். ஏ.சி. தண்ணீர் வெளியேறும் டிரெய்ன் பைப் அடைத்துக்கொண்டால் முன்பக்கக் கார்ப்பெட் நனைவது சகஜம், அதைச் சரி செய்ய அதிகம் செலவாகாது. அந்த ஈரம் தெளிந்த தண்ணீர், வண்டல் இருக்காது. வண்டல்தான் சாட்சி.

பேப்பரிலும் வெள்ளத்தின் தடம் இருக்கும். இப்போதைய பாலிசியோடு, முந்தைய மூன்று நான்கு வருஷத்து இன்ஷூரன்ஸ் காப்பிகளையும் கேளுங்கள். க்ளெய்ம் போடாத உரிமையாளருக்கு நோ க்ளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருஷத்துக்கு ஒரு படி ஏறும். நடுவில் க்ளெய்ம் போட்டால் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். 2023 டிசம்பருக்குப் பிறகு வந்த பாலிசியில் 35லிருந்து திடீரென்று பூஜ்யம் என்றால், என்ன க்ளெய்ம், எவ்வளவு தொகை என்று நேரடியாகக் கேளுங்கள். போனஸ் புரொடெக்ட் ஆட்-ஆன் எடுத்திருந்தாலோ, பாலிசி 90 நாளுக்கு மேல் விட்டுப்போயிருந்தாலோ, பெயர் மாறியிருந்தாலோ இந்தக் கணக்கு பொருந்தாது. ரிப்பேர் செலவு காரின் ஐடிவியில், அதாவது பாலிசியில் போட்டிருக்கும் காரின் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை டோட்டல் லாஸ் என்று முடித்துவிடுவார்கள். அப்படிப்பட்ட வண்டிகள் ஏலத்தில் போய், ஒட்டிச் சேர்க்கப்பட்டு, "சிங்கிள் ஓனர், குறைந்த ரன்னிங்" என்று திரும்ப வருவதும் உண்டு.

கடலோரத்துக் கார்களுக்கு வேறு நோய். பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈ.சி.ஆர். பக்கம் வெட்டவெளியில் நிறுத்திய வண்டிகளில் உப்புக் காற்று அடிப்பாகத்தையும், முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்சரையும் தின்கிறது. லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மேலாகப் படர்ந்த துரு பரவாயில்லை. ஸ்க்ரூ டிரைவரால் தட்டும்போது பொருக்காகப் பெயர்ந்து விழுந்தால் விலகிவிடுங்கள்.

இன்ஜினைக் காலையில், குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். நீங்கள் போவதற்குள் வண்டியை ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். ஆயில் மூடியின் உள்பக்கம் பாலேடு மாதிரி படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஏ.சி.யை உச்சி வெயிலில், வண்டி நின்றபடி பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் குளிர் குறைகிறது என்றால் ஃபேனோ கண்டென்சரோ சரியில்லை. கேஸ் அடிக்கடி நிரப்பிய வண்டி என்றால் கூலிங் காயில் கசிவாக இருக்கலாம். பல கார்களில் அதை மாற்ற டாஷ்போர்டையே இறக்க வேண்டும், கூலியே கையைக் கடிக்கும். கிளட்ச்சுக்கு ஒரு சோதனை: ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, ஆளில்லாத இடத்தில் மூன்றாவது கியரில் கிளட்ச்சை விட்டால் இன்ஜின் உடனே அணைய வேண்டும். அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட் முடிந்தது. பிஎஸ் 6 டீசல் வாங்குகிறவர்கள், முந்தைய உரிமையாளர் அதை எங்கே ஓட்டினார் என்று விசாரியுங்கள். வீட்டிலிருந்து ஸ்கூல், ஸ்கூலிலிருந்து மார்க்கெட் என்று குட்டிக் குட்டி ஓட்டம் மட்டுமே ஓடிய டீசலில் புகைக் கரியைப் பிடித்து எரிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். மாதம் இரண்டு முறையாவது ஜி.எஸ்.டி. ரோடு மாதிரி நெடுஞ்சாலையைப் பார்த்த டீசல் நல்லது.

இடிபட்ட காரைக் கண்டுபிடிக்க ஜோடிகளை ஒப்பிடுங்கள். ஒரு ஹெட்லைட் மஞ்சளித்து, இன்னொன்று கண்ணாடி மாதிரி இருந்தால் தெளிவாக இருப்பது பின்னால் வந்தது, கம்பெனியிலிருந்தோ, பழைய பார்ட்ஸ் விற்கும் புதுப்பேட்டையிலிருந்தோ. எல்லாக் கண்ணாடியிலும் மூலையில் அச்சடித்த தயாரிப்பாளர் பெயரும் வருஷக் குறியும் ஒத்துப்போக வேண்டும். பம்பரும் ஃபெண்டரும் மாற்றியது பெரிய விஷயமே இல்லை, சென்னை டிராஃபிக்கில் உரசாத கார் ஏது? பானெட்டுக்குள் இரு பக்கமும் நீளும் சேஸிஸ் கால்களில் வெல்டிங், பட்டி, சுருக்கம் இருந்தால்தான் கவலை.

இனி கிலோமீட்டர். மீட்டரைத் திருத்துவது எளிது, அதனால் அதைத் தனியாக நம்பாதீர்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு சர்வீஸிலும் கிலோமீட்டர் பதிவாகும். அந்த வரலாற்றை உரிமையாளரையே வாங்கித் தரச் சொல்லுங்கள். டயரில் நான்கு எண் இருக்கும். 3421 என்றால் 2021ஆம் வருஷம் 34ஆவது வாரத்தில் செய்தது. 2020 மாடல், 22,000 கிலோமீட்டர், ஆனால் நான்கு டயரும் 2024 என்றால் கணக்கு உதைக்கிறது, டயர் அவ்வளவு சீக்கிரம் தேயாது. காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் போடுகிற மெக்கானிக்கிடம் "ரெடினஸ்", அதாவது கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்று, பார்க்கச் சொல்லுங்கள். கோளாறுக் குறியீடு எதுவும் இல்லை, ஆனால் பல சோதனைகள் "முடியவில்லை" என்று காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்பு யாரோ எல்லாவற்றையும் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

விலை பேசும்போது பழைய இன்வாய்ஸை வைத்துப் பேசாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. அதே மாடலின் இன்றைய ஆன்-ரோடு விலையிலிருந்து கீழே இறங்கி வாருங்கள்.

பேப்பர் விஷயத்தில் அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு லோன், இன்ஷூரன்ஸ், பதிவுக் காலம் எல்லாம் பாருங்கள். இ-சலான் பாக்கியைத் தனியாகப் பாருங்கள். சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு உங்கள் கண்ணாலேயே ஒப்பிடுங்கள். லோன் முடிந்தது என்று வாயால் சொல்வது போதாது. பேங்க் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35உம் கொடுத்து ஆர்.சி.யில் எச்.பி. என்ற லோன் அடமானக் குறிப்பு நீங்கியிருக்க வேண்டும். புதுச்சேரிப் பதிவு வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடுகிறவர்கள் நிறைய. வேறு மாநில வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் இருந்தால் தமிழ்நாட்டில் புதுப் பதிவு எண் வாங்க வேண்டும், அதற்கு ஃபார்ம் 28இல் என்.ஓ.சி., இங்கத்திய சாலை வரி என்று செலவு வரும். டெல்லியில் பழைய டீசலுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அங்கிருந்து வரும் வண்டிகளுக்கும் இதே கணக்கு. அதையெல்லாம் கூட்டிவிட்டு மலிவா என்று பாருங்கள். உரிமையாளர் இறந்துபோயிருந்தால் முதலில் வாரிசு பெயருக்கு ஃபார்ம் 31 மூலம் மாறட்டும். இறந்தவரின் பெயரில் கையெழுத்துப் போட்ட ஃபார்மைத் தொடவே தொடாதீர்கள்.

விற்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் முக்கியம். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30இல் வெற்றுக் கையெழுத்துப் போட்டு, சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அது ஆபத்து. பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கைமாறியதை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது விற்றவரின் கடமை. வாங்கியவர் 30 நாளுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். டீலருக்குக் கொடுத்தால், 2023 ஏப்ரல் முதல் அங்கீகாரம் பெற்ற டீலர்களுக்கு ஃபார்ம் 29சி என்ற ஏற்பாடு இருக்கிறது. வண்டி அவர் பொறுப்பில் போனது அரசுக்குப் பதிவாகும். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்" என்பவரிடம் அந்த ஒப்புகையைக் கேட்டு வாங்குங்கள். பரிவாகனில் உங்கள் பழைய மொபைல் நம்பர் இருந்தால் முன்கூட்டியே மாற்றுங்கள், ஓடிபி அங்கேதான் போகும்.

டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதுங்கள், கிலோமீட்டரையும் எழுதுங்கள். வாங்குபவரின் ஆதார், லைசென்ஸ் காப்பியில் அவரே கையெழுத்துப் போட வேண்டும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கினால் அதே அளவு அபராதம் பணம் வாங்கிய உங்கள் தலையில் விழும். உங்கள் நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு உரியது, காரோடு போகாது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான சான்றிதழை வாங்கி வைத்தால் மூன்று வருஷத்துக்குள் அடுத்த காரில் பயன்படுத்தலாம். வாங்கியவர் 14 நாளுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் சொந்த வண்டிச் சேதத்துக்கு க்ளெய்ம் கிடைக்காது. ஃபாஸ்டேக்கை அன்றைக்கே பிய்த்து எடுத்து, பேங்கில் கணக்கையும் மூடிவிடுங்கள். ஸ்டிக்கரை அப்படியே விட்டால் அவர் பரனூர் டோல்கேட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் காசு உங்கள் கணக்கிலிருந்துதான் போகும்.