புளூடூத்தை அணைத்துவிட்டுப் போன ஊர்

முதல் சிக்கல் வட துருவத்துக்குப் பக்கத்தில் வரவில்லை, சென்னையில் விசா விண்ணப்பத்திலேயே வந்தது. ஸ்வால்பார்ட் தீவுகளுக்குத் தனியாக விசா வேண்டாம். 1920-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி அது நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்டதுதான், ஆனால் ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஓஸ்லோவிலிருந்து விமானம் ஏறினால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி ஓஸ்லோவில் இறங்கினால் அது இரண்டாவது நுழைவு. என் படிவத்தை நிரப்பிக் கொடுத்த ஏஜென்ட் 'சிங்கிள் என்ட்ரி' என்று டிக் அடித்து வைத்திருந்தார். "எல்லாம் நார்வேதானே சார்" என்றார். சமர்ப்பிப்பதற்கு முந்தின ராத்திரி தற்செயலாகப் பார்த்து மாற்றினேன். இல்லையென்றால் திரும்பும் வழியில் மாட்டிக்கொண்டிருப்பேன்.

நான் போக நினைத்தது நி-ஓலசுண்ட். ஏறத்தாழ 79 டிகிரி வடக்கில், கோங்ஸ்ஃபியார்ட் என்ற கடற்கிளையின் கரையில் இருக்கும் ஆராய்ச்சிக் குடியிருப்பு. குளிர்காலத்தில் முப்பது பேர், முப்பத்தைந்து பேர்தான் இருப்பார்கள். ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்இயர்பியனிலிருந்து அங்கே சின்ன விமானம் போகிறது, ஆனால் அது வேலையாகப் போகிறவர்களுக்கு. நம்மைப் போன்றவர்களுக்குக் கப்பல்தான். நூறு பேருக்குள் ஏறும் சின்னக் கப்பலாகத் தேடிப் பிடித்தேன். விலை கடித்தது. ஆனால் முப்பது பேர் வாழும் ஊரில் ஆயிரம் பேரோடு போய் இறங்க மனசு ஒப்பவில்லை.

கப்பலில் ஏறிய அன்றே எல்லோருடைய ஷூ, பை, ஜாக்கெட் எல்லாவற்றையும் சோதித்தார்கள். எனக்கு இது ஒரு சடங்கு என்றுதான் பட்டது. வழிகாட்டிப் பெண் என் ஷூவைக் கவிழ்த்துப் பிடித்து, லேஸ் கோக்கும் ஓட்டையிலிருந்து ட்வீசரால் எதையோ இழுத்தார். ஒட்டுப்புல் விதை. அப்புறம் இன்னொன்று. பையின் வெல்க்ரோவில் மூன்று. ஐந்து மாதத்துக்கு முன்னால் கொல்லிமலையில் நடந்தபோது ஒட்டியவை, பெட்டிக்குள் படுத்துக்கொண்டு ஆர்க்டிக் வரை வந்துவிட்டிருந்தன. கொல்லிமலைப் புல் அங்கே முளைக்குமா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "இது முளைக்காமல் இருக்கலாம். ஐரோப்பிய மலையிலிருந்து வருகிறவர் ஷூவில் இருப்பது முளைக்கும். யாருடையது எது என்று நாங்கள் பிரித்துப் பார்க்க முடியாது" என்றார். சரி என்று பிரஷ்ஷை வாங்கி உட்கார்ந்து தேய்த்தேன். ஒவ்வொரு தடவை இறங்கும் முன்னும் ஏறிய பின்னும் ஷூவைக் கிருமிநாசினியில் முக்கவும் வேண்டும். பறவைக் காய்ச்சல் அந்தத் தீவுகளுக்கும் வந்துவிட்டது.

ராத்திரி முழுக்கப் பயணம். ராத்திரி என்பது பேச்சுக்குத்தான், ஜூலையில் சூரியன் அங்கே மறைவதே இல்லை. காலையில் அறிவிப்பு வந்தது: கப்பலின் வைஃபை நிறுத்தப்படுகிறது, போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், புளூடூத்தையும் அணையுங்கள். நி-ஓலசுண்டைச் சுற்றி 20 கிலோமீட்டருக்கு 2 முதல் 32 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் எதுவும் ஒலிபரப்பக் கூடாது. வைஃபை, புளூடூத் இரண்டும் அதற்குள்தான் வருகின்றன. காரணம் அங்குள்ள இரட்டை ஆன்டெனாக்கள். பல நூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் குவேசார்களிலிருந்து, அதாவது மிகப் பிரகாசமான விண்மீன்மண்டல மையங்களிலிருந்து, வரும் ரேடியோ அலையை அவை கேட்கின்றன. அதே அலை உலகின் வேறு ஆன்டெனாக்களுக்கு எந்த நொடியில் வந்தது என்று ஒப்பிட்டு, கண்டங்கள் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தன என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த முணுமுணுப்புக்கு முன்னால் என் வாட்ச் போடும் சத்தம் மைக் செட் மாதிரி.

போனை அணைத்துவிட்டு நல்ல பிள்ளையாக வரிசையில் நின்றேன். "கையில் என்ன?" என்று கேட்டார் வழிகாட்டி. வாட்ச்! "பாக்கெட்டில்?" இயர்பட்ஸ். இரண்டையும் கேபினில் வைத்துவிட்டு ஓடி வந்தேன். எனக்குப் பின்னால் நின்றவர் காதுகேள் கருவியைத் தொட்டுக்காட்டிக் கேட்க, அதிலும் புளூடூத்தை அணைக்க வைத்தார்கள்.

ஊருக்குள் சாலையை விட்டு இறங்கக் கூடாது. ஓரத்துப் பாசியில் விழும் ஒரு காலடித் தடம் அழியப் பல வருஷம் ஆகும். நடுநடுவே ஏதாவது கருவிகள் நட்டிருக்கிறார்கள், பார்னகிள் வாத்துகள் குஞ்சுகளோடு சாலையைக் கடக்கின்றன. ஆர்க்டிக் ஆலா என்ற கடற்பறவைகள்தான் பொல்லாதவை. கூட்டுக்குப் பக்கத்தில் போனால் தலையில் கொத்தும். கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நடக்கச் சொன்னார்கள், மிக உயரமான இடத்தைத்தான் அது கொத்துமாம். என் கைவிரலைக் கொத்திவிட்டு, போகிற போக்கில் தொப்பியிலும் எச்சமிட்டுப் போனது. வீட்டுக் கதவுகள் பூட்டப்படுவதில்லை. பனிக்கரடி வந்தால் யாரும் எந்த வீட்டுக்குள்ளும் ஓடலாம். நம் வழிகாட்டியின் தோளிலும் துப்பாக்கி இருந்தது. அதற்காக நாமே கதவைத் திறந்து எட்டிப்பார்ப்பது மரியாதை இல்லை.

இது முதலில் நிலக்கரி ஊர். பழைய குட்டி ரயில் எஞ்சின் இன்னும் நிற்கிறது. 1962 நவம்பரில் சுரங்க வெடிப்பில் 21 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுரங்கத்தை மூடினார்கள், அந்த விவகாரத்தில் நார்வே அரசாங்கமே ஒரு மாதம்போலக் கவிழ்ந்தது. தூரத்தில் தெரியும் இரும்புக் கோபுரத்தில் கட்டி நிறுத்தியிருந்த 'நோர்கே' வான்கப்பலில்தான் நார்வேயின் துருவப் பயணி அமுண்ட்சென் 1926 மே மாதம் துருவத்தின் மேலே பறந்து அலாஸ்கா போனார். சாலை ஓரத்தில் துருப்பிடித்த ஆணி ஒன்று கிடந்தது. குனிந்தேன், பின்னாலிருந்து "வேண்டாம்" என்ற குரல். 1946-க்கு முந்தைய மனிதத் தடயம் எதுவும், அது ஒரு ஆணியானாலும், சட்டப்படி அங்கே பாதுகாக்கப்பட்டது.

இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆராய்ச்சி நிலையத்தை வெளியில் நின்றுதான் பார்த்தேன். 2008-ல் தொடங்கியது. உள்ளே வேலை நடக்கும் இடம், ஊர்க்காரன் என்று சொல்லிக் கதவைத் தட்ட முடியாது. ஆனால் கப்பல் நிற்கும் அந்தக் கடற்கிளையின் அடியில் 2014-ல் ஒரு கருவித் தொடரை இறக்கினார்கள், இந்தார்க் என்று பெயர். கடல்நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளக்கிறது. அதில் பள்ளிக்கரணை கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்காரர்களின் கைவேலை இருக்கிறது. வேளச்சேரியிலிருந்து தினமும் அந்த காம்பவுண்டைத் தாண்டித்தான் நான் ஆபீஸ் போகிறேன்.

அஞ்சலகத்தில் அம்மாவுக்கு ஒரு கார்டு போட்டேன். ஐந்து வாரம் கழித்துப் போய்ச் சேர்ந்தது. போன் செய்து, "பனிக்கரடி பாத்தியா?" என்று அம்மா கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். "அன்னைக்கு முழுக்க போன் எடுக்கலியே, ஏன்?" என்றாள். குவேசாரிலிருந்து ஆரம்பித்தேன். பாதியிலேயே, "சரி, சாப்டியா?" என்று கேட்டுவிட்டாள்.